வெளிச்சம் காணாது, இழுவை காணாது: பழைய காரைத் திருத்தத் தொடங்குபவருக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய கார் ஓடுபவரிடம் குறை என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடை வரும். இரவில் வெளிச்சம் காணாது. நாலு பேர் ஏறினால் இழுவை காணாது. மருந்தும் அவரிடமே தயாராக இருக்கும்: ஒரு சோடி எல்ஈடி பல்ப், முடிந்தால் கொஞ்சம் பெரிய எஞ்சின். இரண்டும் கடையில் கிடைக்கும், இரண்டையும் பூட்டித் தரக் கராச்சும் இருக்கிறது. ஆனாலும் காசு கொடுத்துப் பூட்டிய பிறகும் அதே குறை, சில வேளை அதைவிடப் பெரிய குறை, திரும்பி வந்து நிற்கும்.

அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த வெளிச்சமும் வலுவும் இன்று அதில் இல்லாததுதான் காரணம். அவை வழியில் எங்கோ வீணாகின்றன. வயரில், சுவிற்சில், துருப்பிடித்த ஆணியில், தேய்ந்த வால்வில், சுண்ணாம்பு பிடித்த றேடியேற்றரில். போகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் புதிதாக எதைக் கூட்டினாலும் அதிலும் ஒரு பங்கு அதே ஓட்டையால் போய்விடும். இந்த இழப்பு என்ற ஒன்றை விளங்கிக்கொண்டால், எதற்குச் செலவழிப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்பதெல்லாம் ஓரளவு தானாகவே தெளிந்துவிடும்.

இங்கே பழைய கார் வீட்டு முற்றத்தில் அழகுக்கு நிற்கும் பொருள் அல்ல. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட் எல்லாம் யாழ்ப்பாணத்தில் குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் தலைமுறை கடந்து உழைத்தவை. 1990களில் பெற்றோல் வராத காலத்தில் இவை மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றரில் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிறகு வந்த கொரோலா, சன்னி, லான்சர் வரிசைக்கும் இப்போது முப்பது, நாற்பது வயதாகிவிட்டது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் இருக்கிற காரையே பார்த்துப் பார்த்து ஓடப் பழகிவிட்டோம். அதனால் இந்தக் கட்டுரை காலையில் வேலைக்கும், பின்னேரம் பிள்ளையை ரியூசனுக்கும், இடைக்கிடை ஏ9 வழியே வவுனியாவுக்கும் போகும் காரைப் பற்றியது.

வெளிச்சம் எங்கே போகிறது

பழைய காரில் மின்சாரம் பற்றரியில் இருந்து நேரே லைற்றுக்குப் போவதில்லை. பற்றரியில் இருந்து டாஷ்போர்ட் சுவிற்சுக்கு வரும். அங்கிருந்து டிம் சுவிற்சுக்குப் போகும். மைனரில் அது காலால் மிதிக்கும் குமிழ். பிறகு முன்பக்கம் வந்து, இணைப்புகள் சிலவற்றைத் தாண்டி, பல்ப்பை அடையும். அதோடு முடியவில்லை. பல்ப்பில் இருந்து காரின் உடம்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியைத்தான் எர்த் என்கிறோம். இந்தச் சுற்றில் ஒவ்வொரு முனையும் அறுபது வருடமாகக் கறுத்துப்போய் இருக்கிறது. கடல் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக் காற்றுக்கு இரும்பு எப்படிப் போகும் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மட்கார்ட் உள்ளே இருக்கும் எர்த் ஆணிக்கும் அதே கதிதான்.

கிணற்றடி மோட்டரில் இருந்து வெங்காயத் தோட்டத்தின் கடைசிப் பாத்திக்கு ஒடுங்கிய பழைய குழாயில் தண்ணீர் இறைத்தவருக்கு இது உடனே விளங்கும். மோட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் கடைசிப் பாத்தியில் தண்ணீர் சொட்டுகிறது. காரில் அந்தக் கடைசிப் பாத்திதான் ஹெட்லைற்.

இதில் பொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. வோல்ற் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சமும் கொஞ்சம்தானே குறையும் என்று நினைப்போம். இழை எரிந்து வெளிச்சம் தரும் பல்ப்பில் அப்படி அல்ல. வோல்ற் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட முப்பது வீதம் குறையும். பதினைந்து வீதம் குறைந்தால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். பற்றரியில் 13.5 வோல்ற் இருந்து பல்ப்பில் 11.5 வோல்ற் வந்தால், காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதிக்குக் கிட்ட வயரில் போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு வோல்ற் இழப்பு பழைய காரில் அரிதும் அல்ல.

இதை ஊகிக்கத் தேவையில்லை. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, டிம் லைற்றைப் போட்டு, முதலில் பற்றரி முனைகளில் வோல்ற்றைப் பாருங்கள். பிறகு பல்ப்பின் பின்னால் உள்ள முனைகளில் பாருங்கள். பல்ப்பின் இணைப்பைக் கழற்றாமல், லைற் எரிந்துகொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். கழற்றிவிட்டுப் பார்த்தால் மின் ஓட்டமே இருக்காது, ஓட்டம் இல்லாவிட்டால் இழப்பும் தெரியாது, மீற்றர் முழு வோல்ற்றைக் காட்டி உங்களை ஏமாற்றும். இரண்டுக்கும் இடையில் அரை வோல்ற்றுக்குள் வித்தியாசம் இருந்தால் வயறிங் நல்லது. அதற்கு மேல் போனால், பல்ப்பின் எர்த் முனையில் ஒரு கம்பியும் பற்றரியின் எர்த் முனையில் மற்றக் கம்பியும் வைத்து, இழப்பு எர்த் பக்கத்திலா என்று பார்க்கலாம். பல கார்களில் எர்த் ஆணியைக் கழற்றி, பெயின்றையும் துருவையும் சுரண்டி, திரும்ப இறுக்கிப் பூட்டினாலே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வரும். செலவு ஒரு துண்டு அரத்தாள்.

பெரிய பல்ப் ஏன் விடை அல்ல

கடையில் 100/90 வாற் பல்ப் கிடைக்கும். வழமையான எச்4 ஹலஜன் பல்ப் 60/55. அப்படியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட இரட்டிக்கும் என்று தோன்றும். சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். டிம்மில் இரண்டு 55 வாற் பல்ப்புகள் சேர்ந்து ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். வழியில் உள்ள வயரும் சுவிற்சும் சேர்ந்து 0.2 ஓம் தடை தந்தால் 1.8 வோல்ற் போகும். அந்த வோல்ற் சும்மா மறைவதில்லை, 16 வாற் அளவு சூடாக மாறும். இப்போது 90 வாற் பல்ப் போட்டு ஓட்டம் 15 அம்பியர் ஆனால், இழப்பு 3 வோல்ற், சூடு 45 வாற். அதில் ஒரு பங்கு டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் உள்ள அந்தப் பழைய சுவிற்சில் ஏறும். அக்கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஹெட்லைற் சுற்றுக்குப் பியூஸே கிடையாது. மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை.

சரியான வழி றிலே. அது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிற்ச். உள்ளே ஒரு சுருள் இருக்கிறது. அதற்குச் சிறு மின்னோட்டம் கொடுத்தால், அது காந்தமாகி, பெரிய மின்னோட்டத்துக்கான பாதையை மூடும். பழைய சுவிற்சும் பழைய வயரும் இனிச் சுருளை இயக்கும் சின்ன வேலையை மட்டும் செய்தால் போதும். அதற்கு ஒரு அம்பியரில் சிறு பங்குதான் தேவை. லைற்றுக்கான பெரிய ஓட்டம் பற்றரிப் பக்கத்தில் இருந்து புதிய தடித்த வயரில் நேரே போகும்.

றிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று இலக்கங்கள் போட்டிருக்கும். 30 பற்றரியில் இருந்து வருவது, 87 லைற்றுக்குப் போவது, 85 உம் 86 உம் சுருளின் இரண்டு முனைகள். டிம்முக்கு ஒன்று, பிறைற்றுக்கு ஒன்று என இரண்டு றிலே வேண்டும். 30 இற்கு வரும் வயரில், பற்றரிக்கு இயன்றவரை கிட்ட, பியூஸ் கட்டாயம். வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். எர்த் வயரையும் அதே தடிப்பில் புதிதாக இழுங்கள். போகும் வழியைப் புதுப்பித்து வரும் வழியைப் பழசாக விட்டால் பாதி வேலைதான். வயறிங் தெரிந்த ஒருவருக்கு இது அரைநாள் வேலை. பழைய காருக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில், கொடுத்த காசுக்கு இவ்வளவு பலன் தருவது வேறு ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஹெட்லைற்றின் உள்ளே பாருங்கள். கண்ணாடிபோல் இருக்கவேண்டிய குழி மஞ்சளித்து, மங்கி இருந்தால் எந்தப் பல்ப்பும் உதவாது. துணியால் தேய்த்தால் பளபளப்புப் பூச்சு துணியோடு வந்துவிடும், தேய்க்காதீர்கள். கேம்பிரிட்ஜ், மைனர் போன்றவற்றில் இருப்பது 7 அங்குல வட்ட லைற். அதே அளவில் எச்4 பல்ப் ஏற்கும் புது லைற்றுகள் இந்தியாவில் இருந்து நிறைய வருகின்றன. பழைய பல்ப்பின் அடி வேறு என்பதால் பல்ப்பை மட்டும் மாற்ற முடியாது, லைற்றையே மாற்ற வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் லைற்றில் மட்டும் கவனம். டிம் ஒளி இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழுவதில்லை. எதிரே வருபவரின் பக்கம் தாழ்ந்தும், வீதி ஓரத்தின் பக்கம் சற்று உயர்ந்தும் விழும்படி கண்ணாடியில் வரி வரியாக வெட்டியிருப்பார்கள். நாம் இடப்பக்கம் ஓடுபவர்கள், நமக்கு இடப்பக்கம் உயர வேண்டும். பாரிசிலும் ரொறொன்ரோவிலும் வலப்பக்கம் ஓடுகிறார்கள். அங்கு வாங்கிய லைற்றை இங்கே பூட்டினால் உயர்ந்த ஒளி நேரே எதிரே வருபவரின் கண்ணில் போய் நிற்கும். லண்டன் சித்தப்பா என்றால் பயமில்லை. ஐரோப்பிய முத்திரை உள்ள லைற்றில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: வட்டத்துக்குள் ஆங்கில E எழுத்துப் போட்ட முத்திரைக்குக் கிட்டப் பாருங்கள். லைற்றை நேரே பார்த்து நிற்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்பக்கம் ஓடும் நாடுகளுக்கானது. இருபக்க அம்பு இருந்தால் இரண்டுக்கும் மாற்றலாம். அம்பே இல்லையென்றால் நமக்கு உரியது அல்ல.

எல்ஈடி பற்றி

எல்ஈடிக்கு நான் எதிரி அல்ல. எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் பழைய டைனமோ உள்ள காருக்கு அது பெரிய உதவி. லூக்காஸ் சி40 போன்ற டைனமோ அதிகபட்சம் 22 அம்பியர் அளவில்தான் தரும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. ஹெட்லைற், வைப்பர், பிரேக் லைற் எல்லாம் சேர்ந்தால் மழை இரவில் நெரிசலில் நிற்கும் காரின் பற்றரி மெல்ல மெல்ல இறங்கும். எல்ஈடி குறைந்த வாற்றில் அதே வெளிச்சம் தரும் என்பதால் அந்தச் சுமை குறைகிறது. அக்காலக் கார்களுக்கு மின்சாமான் செய்த லூக்காஸ் நிறுவனத்தை இங்கிலாந்தில் இருளின் இளவரசன் என்று கேலி பண்ணுவார்கள். அறுபது வருடம் கழித்தும் வேலை செய்கிற சாமானைப் பார்த்துச் சிரிப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

சிக்கல் எல்ஈடி பல்ப்பை ஹலஜன் லைற்றுக்குள் செருகுவதில் இருக்கிறது. அந்தக் குழியின் வளைவு, இழை எந்த இடத்தில் எரிகிறதோ அந்த இடத்தை வைத்துக் கணக்கிடப்பட்டது. எச்4 பல்ப்பில் டிம் இழைக்குக் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒளி குழியின் மேற்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கி விழ அதுதான் காரணம். எல்ஈடி பல்ப்பில் ஒளி வருவது இழையில் இருந்து அல்ல, தட்டையான சில்லுகளில் இருந்து. இடம் ஒரு மில்லிமீற்றர் தள்ளினாலும், தடிப்புக் கூடினாலும், ஒளி சிதறும். ஓட்டுபவருக்குக் காரின் முன்னால் வெள்ளையாக, பிரமாதமாகத் தெரியும். தூரத்தில் இருட்டு அப்படியே இருக்கும், எதிரே சைக்கிளில் வருபவருக்குக் கண் கூசும். கிட்ட வெளிச்சம் கூடக் கூடத் தூரத்து இருட்டு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்பதால், சில வேளை பழைய மங்கல் லைற்றைவிட இது மோசம்.

எல்ஈடிதான் வேண்டும் என்றால் தனக்கென்று வில்லையும் குழியும் உள்ள முழு 7 அங்குல எல்ஈடி லைற்றாக, முத்திரையும் சரியான அம்பும் பார்த்து வாங்குங்கள். விலை கூட. நீலக் கண்ணாடி பூசிய ஹலஜன் பல்ப்பை மட்டும் வாங்கவே வேண்டாம். உள்ளே இருப்பது அதே இழை, வெளியே உள்ள நீலம் வெளிச்சத்தில் ஒரு பங்கை வடித்து எறிகிறது.

அக்காலப் பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அவற்றில் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. இழை பல்ப்புக்குத் திசை பற்றிக் கவலை இல்லை, ஆனால் எல்ஈடிக்கு உண்டு. திசை மாறினால் எரியாது, சில வேளை கெட்டுவிடும். உள்ளே டயோட் வைத்த றிலேக்கும் இதே நிபந்தனை. டைனமோவுக்குப் பதிலாக ஓல்ரனேற்றர் போடுவதானால் எதிர்முனை எர்த்துக்கு மாற்றுவதுதான் வழமை. அப்போது பற்றரியைத் திருப்பி வைத்தால் மட்டும் போதாது, தீப்பொறிக் கொயிலின் வயர்களை இடம் மாற்ற வேண்டும், பழைய ரேடியோ இருந்தால் அதைக் கழற்றிவிட வேண்டும். ஏற்கனவே யாராவது மாற்றியிருக்கவும் கூடும். கார் புத்தகத்தை நம்பாமல் பற்றரியைப் போய்ப் பாருங்கள்.

எதைப் பூட்டினாலும் கடைசியில் குறி வைக்க வேண்டும். ரயரில் காற்றுச் சரியாக இருக்க, வழமையாக ஏறும் சுமையோடு, சமதரையில் மதிலில் இருந்து 10 மீற்றர் தள்ளி நிறுத்துங்கள். தரையில் இருந்து லைற்றின் நடு எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் மதிலில் கோடு போடுங்கள். டிம் ஒளியின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்ரிமீற்றர் கீழே விழ வேண்டும். பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் ஒரு மூட்டை அரிசியும் ஏறினால் காரின் மூக்கு மேலே கிளம்பும், அதையும் கணக்கில் எடுங்கள்.

பிரேக், ஏனென்றால்

எஞ்சினுக்குப் போகுமுன் ஒரு கணக்கு. நகருக்கு வெளியே காருக்கு அனுமதித்த வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அது ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல். ஆனையிறவு தாண்டி ஏ9 இல் இரவில் மாடு படுத்திருப்பதைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் என்று வைத்தால், அதற்குள் 29 மீற்றர் போய்விடும். நல்ல ரயர், நல்ல பிரேக் என்றால் நிற்க இன்னும் 30 மீற்றர் சொச்சம். மொத்தம் ஏறத்தாழ 60 மீற்றர். ஒழுங்கான டிம் வெளிச்சம் எட்டுவதும் அவ்வளவுதான். மங்கலான லைற்றோடும், நாலு சில்லிலும் டிரம் பிரேக்கோடும் ஓடும் காருக்கு எஞ்சின் வலுவைக் கூட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள். பிரேக் ஒயில், ரப்பர் குழாய், வீல் சிலிண்டர், லைனிங் இவை நான்கும் புதிதாக இல்லாத காரில் எஞ்சினைப் பற்றிப் பேசுவதே வீண்.

இழுவை எங்கே போகிறது

இதிலும் கதை அதேதான். மொறிஸ் மைனரின் 1098 சிசி எஞ்சின் புதிதில் 48 குதிரைவலு தந்தது. கேம்பிரிட்ஜ் ஏ60 இன் 1622 சிசி எஞ்சின் 61. இன்று உங்கள் எஞ்சின் அதில் எவ்வளவு தருகிறது? அதை அறிய முதல் வழி கொம்பிரஷன் சோதனை. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் மீற்றரைப் பூட்டி, எஞ்சினைச் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் பார்ப்பார்கள். நாலும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஒன்று இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி எஞ்சின் ஒயில் விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். அமுக்கம் ஏறினால் பிஸ்ரன் றிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கசிவு. ஒயிலைக் குடித்து நீலப்புகை விடும் காருக்கு இரட்டைக் கார்பரேற்றர் பூட்டுவது வெறும் ஆடம்பரம்.

மண்ணெண்ணெய்க் காலத்தைக் கண்ட எஞ்சின் என்றால் றிங்கும் சிலிண்டரும் பற்றிய சந்தேகம் நியாயமானது. மண்ணெண்ணெய் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஒயிலையே நீர்த்துப்போகச் செய்யும். அதன் ஒக்ரேனும் மிகக் குறைவு, எஞ்சின் தட்டும். அந்தக் காலத்தில் ஓடியதே பெரிய காரியம்.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றது. பழைய எஞ்சின்களில் எக்சோஸ்ற் வால்வு வந்து உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காத்துவந்தது. இப்போது அந்தக் காவல் இல்லாததால், நீண்ட நேரம் வேகமாக ஓடும்போது வால்வு தன் இருப்பிடத்தை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு: ரப்பெற் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி, தானாகக் குறைந்துகொண்டே வரும். நல்லூருக்கும் கொக்குவிலுக்கும் மட்டும் ஓடும் காருக்கு இது அவசரம் இல்லை. எப்போதாவது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால் கடினமான இருக்கை வளையம் போட்டுவிடச் சொல்லுங்கள். 95 ஒக்ரேன் அடித்தால் இழுவை கூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஒக்ரேன் என்பது எஞ்சின் தட்டாமல் தாக்குப்பிடிக்கும் அளவு, வலு அல்ல. கொம்பிரஷன் விகிதம் 8.5 இற்குக் கிட்ட உள்ள இந்த எஞ்சின்களுக்கு 92 போதும்.

றேடியேற்றருக்கு யாழ்ப்பாணத்தில் தனிக்கதை இருக்கிறது. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் தோண்டியவை. கேற்றிலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே றேடியேற்றர் குழாய்களிலும் எஞ்சினின் தண்ணீர்ப் பாதையிலும் படியும். தீவுப் பக்கத்துச் சவர்த் தண்ணி என்றால் அரிப்பும் சேரும். வருடக் கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய எஞ்சின் சூடாகத்தான் செய்யும். உடனே, எஞ்சின் சூடாகும்வரை றேடியேற்றருக்குத் தண்ணீரை விடாமல் தடுக்கும் தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறிவது நம் கராச்சுகளின் வழமை. அது நோய்க்கு மருந்து அல்ல. தேர்மோஸ்ராற் இல்லாத எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிராகவே ஓடும், பெற்றோல் கூடப் போகும், ஒயிலில் களி சேரும். றேடியேற்றரைக் கழற்றி உள்ளே சுத்தம் பண்ணுங்கள், தேர்மோஸ்ராற்றைப் போடுங்கள், வடித்த நீரோடு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். வெயில் நேரத்தில் ஏசி இல்லாத பழைய காருக்கு இதுவே ஒரு வலுக்கூட்டல்தான். சூடேறிய எஞ்சின் இழுக்காது.

பிறகு தீப்பொறி. டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ற்றின் இடைவெளி 0.38 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும், அது தேயத் தேய இடைவெளி மாறும், இடைவெளி மாறினால் ரைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறும். பொயின்ற்றுக்குப் பதிலாக டிஸ்ரிபியூற்றருக்குள்ளேயே மறையும் இலத்திரனியல் பற்றவைப்புப் பெட்டி ஒன்று போட்டால் இந்தத் தொல்லை ஒழியும். எர்த் எந்த முனை என்று சொல்லி வாங்குங்கள். எஸ்யூ கார்பரேற்றர் என்றால் மேல் மூடியைத் திறந்து உள்ளே ஒயில் இருக்கிறதா என்று பாருங்கள். அது வற்றியிருந்தால் அக்சிலறேற்றரை மிதித்ததும் கார் ஒரு கணம் தயங்கும். திரொட்டில் தண்டு தேய்ந்து காற்று இழுத்தால் எந்த ரியூனிங்கும் நிற்காது.

இவ்வளவும் செய்த பிறகு காரை ஓட்டிப் பாருங்கள். அனேகமானோர் இந்த இடத்தில் பெரிய எஞ்சின் எண்ணத்தை விட்டுவிடுவார்கள்.

இன்னும் பெரிய எஞ்சின் வேண்டுமென்றால்

அதே குடும்பத்து எஞ்சினாக இருக்கட்டும். மைனரில் பழைய 948 சிசி இருந்தால் 1098 பூட்டலாம், 37 இல் இருந்து 48 குதிரைவலுவுக்கு வரும். கொரோலா டிஎக்ஸில் 1290 சிசி 4கே இருந்தால் லைட்ஏஸ் வானில் வந்த 1486 சிசி 5கே அதே கே வரிசை. எஞ்சின் தாங்கிகள், கியர்பெட்டி எல்லாம் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் ஒத்துவரும். வேறு குடும்பத்து எஞ்சின் என்றால் தாங்கி செய்ய வேண்டும், பின்சில்லுக்கு வலுவைக் கொண்டுபோகும் கார்டன் தண்டை வெட்ட வேண்டும், றேடியேற்றர் மாற்ற வேண்டும், வயறிங் முழுக்கப் புதிது. அப்படி அரைகுறையாக நின்றுபோன கார்கள் பல வீட்டுப் பின்வளவுகளில் தறப்பாளுக்குள் இருக்கின்றன.

எஞ்சின் மாறினால் கடதாசியும் மாற வேண்டும். எஞ்சின் இலக்கம் பதிவோடு சேர்ந்த விசயம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். காப்புறுதிக்கும் சொல்லிவிடுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது; பெற்றோல் காரை மெதுவாக ஓடவிட்டும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்தும் பார்ப்பார்கள், கார்பரேற்றர் பெற்றோலைக் கூட விட்டுக் கொழுத்து ஓடினால் அங்கே பிடிபடும். எஞ்சினை வாங்கும்போதே இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இலக்கம் அராவியிருந்தாலோ, பற்றுச்சீட்டுத் தரத் தயங்கினாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த எஞ்சின் வேண்டாம்.